மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணை மேலாளர் வேலை மகளுக்கு ஒத்துவருமா?

வேளாண்மைப் பட்டம் முடிக்கப்போகும் மகள் மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணையை நிர்வகிக்கப் போகிறேன் என்கிறாள். வெயிலில் நின்று ஆள்களை வேலைவாங்கும் மேஸ்திரி வேலையாயிற்றே என்று உங்களுக்குத் தயக்கம். பாதி சரிதான். ஆனால் விஞ்ஞானி காகிதத்தில் வகுத்த சோதனை நிலத்தில் பிசகாமல் நடப்பதும், கிடைக்கும் எண்களை நம்ப முடிவதும் இந்த மேலாளர் கையில்தான் இருக்கிறது.

மானாவாரியில் விதைப்புத் தேதியை மழைதான் முடிவுசெய்யும். கரிசலில் ஈரம் மிஞ்சினால் டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும், காய்ந்தால் கட்டி உடையாது. இடையில் உழவுப் பதம் கிடைப்பது சில நாள்தான். ஆகவே மழைக்கு முன்பே விதையைப் பாத்திவாரியாகப் பொட்டலம் கட்டி, எண்ணிட்டு, விதைக்கும் வரிசையில் அடுக்கிவிட வேண்டும். விதைப்புக் கருவியின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, 20 சுற்று சுற்றி, ஒவ்வொரு குழாயிலும் விழும் விதையைத் தனித்தனியே எடைபோட வேண்டும். அடைத்த குழாய் அப்போதே தெரிந்தால் சரி. பயிர் முளைத்த பிறகு தெரிந்தால் அந்தப் பருவமே போயிற்று.

சரிவின் மேற்பக்கம் சீக்கிரம் காயும், கீழே ஈரம் தங்கும். அதனால் நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒப்பிட வேண்டிய எல்லா ரகங்களையும் போடுவார்கள். களையெடுக்க ஆள் போதவில்லையா? ஒரு தொகுதியை முழுதாக முடித்துவிட்டு நிறுத்தலாம், தொகுதியின் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரண்டு நாள் தாமதத்தின் விளைவு ரகத்தின் குணம்போலக் கணக்கில் ஏறிவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாளராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அறுவடைக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 45 செ.மீ. இடைவெளியில் 6 வரிசை, 5 மீட்டர் நீளம் என்றால் பாத்தி 13.5 சதுர மீட்டர். ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் ஈரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பக்கத்துக்கு ஒரு வரிசையும் முனைகளில் அரை மீட்டரும் ஒதுக்கினால், அறுக்க வேண்டியது 7.2 சதுர மீட்டர். அதில் 1.8 கிலோ வந்தால் எக்டருக்கு 2,500 கிலோ. பழக்க தோஷத்தில் 13.5-ஆல் வகுத்தால் 1,333 கிலோதான் வரும். நல்ல ரகம் ஒன்று அதோடு கழிக்கப்பட்டுவிடும்.

பறவைகளும் கணக்கைக் கெடுக்கும். சோளத்தில் குறுகிய வயது ரகம்தான் முதலில் பால் பிடிக்கும். சுற்றிலும் வேறு தானியம் இல்லாததால் பறவை மொத்தமும் அங்கேயே இறங்கும். காவல் போடாவிட்டால் அந்த ரகம் விளைச்சலில் மட்டம் என்று அறிக்கை எழுதிவிடுவார்கள்.

படிப்பில் உழவியலும் மண்ணியலும் அடித்தளம். அவற்றோடு சோதனை வடிவமைப்பும் பண்ணை இயந்திரங்களும் கட்டாயம். மதிப்பெண்ணைவிட, முழுப் பருவம் ஒன்றில் விதைப்பிலிருந்து களம் வரை ஒரு பண்ணையில் பயிற்சி எடுத்திருப்பது நேர்காணலில் எடுபடும். அங்கே எளிய கேள்விதான் வரும். 120 கிராம் ஈர மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தினால் 100 கிராம், ஈரம் எவ்வளவு? உலர் எடையால் வகுக்க வேண்டும் என்பதால் விடை 20 விழுக்காடு. 16.7 என்பவர் ஆய்வகத்தில் கை நனைக்காதவர்.

1972-இல் ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் தொடங்கிய, வறண்ட பகுதிப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் போன்ற பன்னாட்டு நிலையங்களும் அரசுப் பண்ணைகளும் விதை நிறுவனங்களும் இத்தகைய ஆள்களைத் தேடுகின்றன. சங்கடங்களும் உண்டு. பல பணிகள் ஒரு திட்டத்தோடு முடிந்துபோகும் ஒப்பந்தப் பணிகள். பண்ணை ஊருக்கு வெளியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமையே விதைப்பு.

வேலையை ஏற்கும் முன் மகளை நேரில் போய் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: கூலிப் பணத்தை விடுவிக்கும் அதிகாரம் யாரிடம், களக்குறிப்பேட்டுக்கு வேறிடத்தில் நகல் உண்டா, மழைமானிப் பதிவேடு எப்படி இருக்கிறது. மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதியிருந்தால் நல்ல பண்ணை. கட்டம் வெற்றாக இருந்தால் அன்று மழையில்லையா, ஆள் வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது.