காடும் ஏலத்தோட்டமும்: தேக்கடிப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

இரண்டு மூன்று நாள்களுக்குள் வனவிலங்குகளையும் வாசனைப்பயிர்த் தோட்டங்களையும் சேர்த்துப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேக்கடியைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பதில்களை முழுவதும் அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, குமுளி மலைப்பாதையில் சிறுவயது முதல் ஏறி இறங்கியவன் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

தஞ்சாவூர் வாசகி ஒருவர்: எழுபது வயதைக் கடந்த மாமியாருடனும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடனும் புறப்பட எண்ணியிருக்கிறோம். முதுமலை, வயநாடு, தேக்கடி மூன்றையும் மூன்று நாளில் காட்டிவிடுவதாக ஒரு பயண நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? எந்த மாதம் நல்லது?

ஒப்புக்கொள்ள வேண்டாம். முதுமலையும் வயநாடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அங்கிருந்து தேக்கடிக்கு வருவதற்கு ஒரு பகல் முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். வயதானவரை அவ்வளவு தூரம் வண்டியில் உட்காரவைத்து அழைத்துச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மணி நேரம் இறக்கிவிடுவதை விட, மதுரை, தேனி வழியாக தேக்கடியை ஒட்டிய குமுளிக்கு நேரே சென்று இரண்டு இரவு தங்குவது நல்லது. மதுரையிலிருந்து குமுளி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் மலையேற்றம் தொடங்கும் இடத்தில், பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேற்கே பாய வேண்டிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய வேலை அது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த 1895ஆம் ஆண்டு முதல் தேனி, மதுரை வயல்களுக்குப் போகும் தண்ணீரும், நாளைக் காலையில் நீங்கள் படகில் சுற்றப்போகும் தண்ணீரும் ஒன்றுதான்.

மாதத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது. ஏலக்காய் பறிப்பு மழைக்காலத்தில் சூடுபிடித்துத் தை மாதத்தோடு ஓய்ந்துவிடும். விலங்குகளோ, காட்டுக்குள் இருக்கும் ஓடைகள் வற்றிய பிறகே ஏரிக்கரைக்கு மிகுதியாக வருகின்றன. அதற்கு மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை குமுளிச் சாலை சபரிமலைக்குச் செல்லும் வண்டிகளால் நிரம்பியிருக்கும். இவை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிவு வரையிலான காலமே என் தேர்வு. ஏலத்தின் கடைசிச் சுற்றும் மிளகு அறுவடையும் நடந்துகொண்டிருக்கும். காடும் உலரத் தொடங்கியிருக்கும். காலையில் குளிர் இதமாக இருக்கும். கோடை முற்றிய பிறகு காட்டுத்தீ அபாயத்தைக் காரணம் காட்டி வனத்துறை நடைப்பயணங்களை நிறுத்திவைத்தால், அதைக் குறைசொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் படகு போதுமானது. உயிர்காப்பு அங்கியை முறையாகக் கட்டிக்கொள்ளச் செய்யுங்கள். யானை தென்பட்டாலும் ஒருவரும் எழுந்து ஒரு பக்கமாகச் சாயக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்: சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒன்றரை மணி நேரம் படகில் சுற்றியும் நான்கைந்து மிளாக்களையும் சில பறவைகளையும் தவிர எதையும் பார்க்கவில்லை. புலிகள் காப்பகம் என்று பெயர் வைத்துவிட்டு ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றுகிறது.

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆகஸ்டில் காடு முழுவதும் தண்ணீர் இருக்கிறது. யானைக்கும் காட்டெருதுக்கும் ஏரிக்கரைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. தேக்கடி ஏரியைச் சூழ்ந்த பெரியாற்றுக் காடு 1978ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகமாக இருந்துவருகிறது. 900 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அந்தக் காட்டில் படகு தொடுவது ஏரியின் ஓரங்களை மட்டுமே. அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் வாழும் புலியைப் பட்டப்பகலில், இயந்திரம் இரையும் படகிலிருந்து பார்ப்பது அரிதினும் அரிது. அதை எதிர்பார்த்துச் சீட்டு வாங்குகிறவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாமல் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் பார்த்த பறவைகள் எதன் மேல் உட்கார்ந்திருந்தன என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஏரியின் நடுவே கறுத்து நிற்கும் அந்தக் கட்டைகள், அணை நீர் நிறைந்தபோது மூழ்கிப்போன காட்டு மரங்களின் மிச்சம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மட்கி விழாமல் நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின் மீது சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். நீர்நாய்க் குடும்பங்கள் கரையோரம் மீனை இழுத்துவந்து தின்பதையும், பொறுமையிருந்தால் படகிலிருந்தே பார்க்கலாம். காலை 7.30 மணிக்குக் கிளம்பும் முதல் படகும், மாலை 3.30 மணிக்குக் கிளம்பும் கடைசிப் படகும்தான் பொருட்படுத்தத் தக்கவை. நடுப்பகல் படகில் வெயிலைத்தான் பார்க்க முடியும்.

அடுத்த முறை படகுக்குப் பதிலாக நடையைத் தேர்ந்தெடுங்கள். வனத்துறையின் ஏற்பாட்டில் சிறுசிறு குழுக்களாக அழைத்துச் செல்லப்படும் மூன்று மணி நேர நடையும், காலையில் தொடங்கி மாலை வரை நீளும் மூங்கில் தெப்பப் பயணமும் இருக்கின்றன; முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வழிகாட்டியாக வருபவர் மன்னான் அல்லது பளியர் பழங்குடியினராக இருக்கலாம். இல்லையென்றால் ஒருகாலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவராகக்கூட இருக்கலாம். வயணா என்று மலையாளத்தில் சொல்லப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை வெட்டிக் கடத்திப் பிழைத்துவந்த ஒரு குழுவினர், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு பேசி ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுக் காவலுக்கு வந்தார்கள். தாங்கள் பதுங்கித் திரிந்த தடங்களிலேயே இன்று பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். சந்தன மரத்துக்கும் காவல் இருக்கிறார்கள். எந்தச் சேற்றில் எந்தக் குளம்பு பதிந்தது, எந்த மரத்தடியில் நேற்றிரவு கரடி கறையானைத் தோண்டியது என்று அவர்கள் சொல்லக் கேட்டபடி நடப்பதற்கு ஈடான ஒன்றை நான் எந்தப் படகிலும் கண்டதில்லை. தலைக்கு மேலே மலையணில் தாவும். கருமந்தியின் உறுமல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இருவாட்சி ஒன்று சிறகொலி கேட்கத் தாண்டிப் போகும்.

ஈர மாதங்களில் நடப்பவர்களுக்கு அட்டை ஏறும். காலுறைக்கு மேல் கட்டிக்கொள்ள நீண்ட துணியுறை தருவார்கள். அதை மறுக்காமல் அணிந்துகொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர் ஒருவர்: குமுளியில் சாலையோரத்தில் ஒரு வாசனைத் தோட்டத்தைப் பார்த்தோம். அரை ஏக்கர்தான் இருக்கும். ஏலம், மிளகு, கிராம்பு, சாதிக்காய், வெனிலா எல்லாம் வரிசையாக இருந்தன. அரை மணி நேரத்தில் கடைக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். உண்மையான தோட்டம் இப்படித்தான் இருக்குமா?

இல்லை. அவை செடிகளை அடையாளம் காட்டுவதற்காக வைக்கப்பட்ட காட்சித் தோட்டங்கள். பிள்ளைகளுக்குச் சாதிக்காயையும் அதைப் போர்த்தியிருக்கும் சிவந்த சாதிபத்திரியையும் ஒரே கனிக்குள் பிளந்துகாட்ட அவை பயன்படும் என்பதால், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தோட்டம் என்பது அங்கே நடக்கும் வேலைதான். அதைப் பார்க்க வேண்டுமென்றால், தோட்டத்துக்குள்ளேயே விருந்தினர்களைத் தங்கவைக்கும் சிறு விவசாயி ஒருவரின் வீட்டை வண்டன்மேடு, அணக்கரை பக்கம் தேடிப் பிடித்து ஓர் இரவு தங்குங்கள்.

முதலில் கண்ணில் படுவது நிழல். ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. நேர் வெயில் அதற்கு ஆகாது. அதனால் பழைய காட்டு மரங்களை விட்டுவைத்து, கிளைகளை மட்டும் கழித்து, அவற்றின் அடியில் பயிரிடுகிறார்கள். ஏலத்தோட்டத்துக்குள் நடக்கும்போது காட்டுக்குள் நடப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். அந்த மரங்களிலேயே மிளகுக்கொடியும் ஏறிப் படர்ந்திருக்கும். ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த செடியின் உச்சியில் காயைத் தேடுகிறவர்களுக்கு எதுவும் அகப்படாது. காய் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஊதாக் கோடிட்ட வெள்ளைப் பூ ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அந்த ஒரு நாளுக்குள் தேனீ வந்தாக வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் காயும் சேர்ந்திருப்பதால், ஏறத்தாழ 40 நாள்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பிவந்து, பழுக்கும் பருவத்துக்குச் சற்று முந்திய காயை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்துப் பறிக்கிறார்கள். அந்தப் பெண்களில் பெரும்பங்கினர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள். கம்பத்திலும் போடியிலும் விடியற்காலை இருட்டில் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை கடந்து போய், நாள் முழுவதும் குனிந்தே காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். குமுளிக்குப் போகும் வழியில் அந்த ஜீப்புகளைப் பார்ப்பீர்கள், அவற்றுக்கு வழிவிடுங்கள்.

பறித்த காயைத் தோட்டக்காரர்கள் ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில், 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு பகலும் இரவும் வைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும். சுமார் 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ ஏலக்காயாகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் விலையைக் கேட்டு மலைக்கமாட்டார்கள். இன்று மலை முழுவதும் பரவியிருக்கும் ஞள்ளானி ரகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் செபாஸ்டியன் ஜோசப் என்ற இடுக்கி விவசாயி என்பதையும் அங்கே கேட்டறிந்துகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: ஏலத்துக்குப் பூச்சிமருந்து அதிகமாக அடிக்கப்படுகிறது. செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். எப்போது தெளித்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.

சென்னை வாசகி ஒருவர்: அங்கே வாங்குவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

அந்த மண்ணில் விளைவதை மட்டும் வாங்குங்கள். குமுளிக் கடைகளில் குங்குமப்பூவும் சீரகமும் மலைப்பொருள் என்ற தோரணையில் அடுக்கப்பட்டிருக்கும். குங்குமப்பூ காஷ்மீரத்துப் பயிர், சீரகம் குஜராத், ராஜஸ்தான் பயிர். ஏலக்காயைப் பருமனை வைத்து வகை பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது உயர்தரம். ஒன்றைப் பிளந்து பாருங்கள்: விதை கறுத்துப் பிசுபிசுப்போடு இருந்தால் நல்ல காய்; வெளிறி உலர்ந்திருந்தால் மணம் போனது. கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு காயைப் போட்டுப் பாருங்கள். சாயம் ஏற்றியிருந்தால் நீர் நிறம் மாறும். ஒருமுறை நானே பேச்சில் மயங்கி அப்படிப்பட்ட காயை அரைக் கிலோ வாங்கிவந்து, வீட்டில் பாயசத்தில் போட்ட பிறகு உணர்ந்தேன். ஏலக்காயின் மொத்த விலை புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலங்களில் நிர்ணயமாகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை போனது. அன்றன்றைய ஏல விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், கூசாமல் மலிவாகச் சொல்பவரையும் அதிகமாகச் சொல்பவரையும் இனம் காணலாம்.

கோத்தகிரி வாசகர் ஒருவர்: என் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பியவர். எங்களைப் போன்ற குடும்பங்கள் பெரியாற்றுக் காட்டுக்குள்ளும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எந்த இடம்? போக முடியுமா?

அது கவி. வண்டிப்பெரியாறு வழியாகப் போக வேண்டும்; பத்தனம்திட்டாவிலிருந்தும் காட்டுப்பாதையில் குமுளி வரை அரசுப் பேருந்து ஓடுகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு உங்கள் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்ததுபோல, கவியில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்கள் வேலை கொடுத்தன. தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய குடும்பங்கள் அங்கே ஏலக்காய் பறிக்கக் கற்றுக்கொண்டன. ஏலத்தோட்டமும் யானைக்காடும் வேலியில்லாமல் ஒட்டிக்கிடக்கும் அந்த ஊரில், சுற்றுலா தொடங்கிய பிறகு அவர்களில் பலர் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் சமையற்காரர்களாகவும் ஆனார்கள்.

நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு என்பதால் கழகத்தின் மூலம் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். நடை, படகு, உணவு எல்லாம் சேர்ந்த ஒருநாள் ஏற்பாடு இருக்கிறது. ஓர் இரவு தங்கவும் வசதி இருக்கிறது. நீங்கள் அவசியம் தங்க வேண்டும், ஏனென்றால் பகலில் வருபவர்களுக்கு உணவு பரிமாறிக் காட்டைக் காட்டவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு, தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.