புலி கொன்ற யானை செத்ததா, பிழைத்ததா?

கேள்வி: நன்னூல் என்னும் இலக்கண நூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் ஒரே பாட்டில் இரண்டு பொருளை வைத்த காளமேகத்தை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டபோது எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.
– தமிழாசிரியை ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாணவி நன்னூல் பாயிரத்தில் இன்னும் சில நூற்பாக்கள் தள்ளிப் படித்திருந்தால், கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டிருப்பார். பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ என்று எழுதிய அதே பவணந்தி முனிவர், நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்லும்போது ‘இரட்டுற மொழிதல்’ என்பதையும் சேர்த்திருக்கிறார். அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. மயக்கத்தில், சொன்னவன் மனத்தில் ஒரு பொருள்தான் இருக்கிறது. கேட்பவனுக்கு இரண்டு தெரிகின்றன, எதைக் கொள்வது என்பதற்கு வழியில்லை. இரட்டுறலில் சொன்னவனே இரண்டையும் கருதியிருக்கிறான்; கேட்பவன் இரண்டையும் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். பழைய உரையாசிரியர்கள் நூற்பாவின் ஒரு சொல்லுக்கு இருவகையாகப் பொருள் உரைத்துவிட்டு, ‘இரட்டுற மொழிதலான்’ என்று காரணம் காட்டுவது இந்த உரிமையால்தான். (சில இடங்களில் அது உரையாசிரியரின் சாமர்த்தியமே தவிர நூலாசிரியரின் கருத்தாக இராது என்பது என் தனிப்பட்ட ஐயம்.)

காளமேகத்தின் பாம்பும் வாழைப்பழமும் எல்லோரும் அறிந்தவை. ‘நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்’ என்ற அடியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பாம்புக்கு நஞ்சு உண்டு, அது தன் சட்டையை உரிக்கும், சிவன் சடையில் கிடக்கும். பழமோ நைந்து போயிருக்கும், அதன் தோலை நாம் உரிப்போம், அபிடேகமாகி அதே முடியின் மேல் இருக்கும். ‘நைந்து’ என்பது பேச்சில் ‘நஞ்சு’ என்று ஆகிவிடுகிறது; வீட்டுக் கொல்லையில் கனிந்து குழைந்த பழத்தைப் பற்றி அடுக்களையில் சொல்லும் அந்தச் சொல்லைப் புலவர் தூக்கிக்கொண்டு போய் வெண்பாவில் வைத்திருக்கிறார். ‘தோலுரிக்கும்’ என்பதில் இலக்கணமும் சேர்ந்து விளையாடுகிறது: பாம்பு தானே உரிக்கிறது, பழத்தைப் பிறர் உரிக்கிறார்கள். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் தமிழ்த் தொடர் நிற்கும் என்பதால்தான் இது முடிந்தது.

தொல்காப்பியம் இந்தச் சிக்கலைச் சொல்லதிகாரத்தில் நேராகவே எடுத்துக்கொள்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லை வினையினாலும் இனத்தினாலும் சார்பினாலும் தெளியலாம் என்கிறது. ‘மா தளிர்த்தது’ என்றால் மரம், ‘மா கனைத்தது’ என்றால் குதிரை. ஆனால் ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும், வினை உதவாது. அப்படிப்பட்ட இடத்தில் ‘மாமரம் வீழ்ந்தது’ என்று வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு பொருளைக் குறித்தவன்தான் அதைத் தெரித்துச் சொல்ல வேண்டும் என்று பொறுப்பைப் பேசுபவன் தலையில் கட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கேயே ‘புலி கொல் யானை’ என்னும் உரைகாரர்களின் எடுத்துக்காட்டும் வருகிறது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இதற்குத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரே வைத்துவிட்டு, பின்னால் வரும் சொல்லைக் கொண்டு உணர்வோர் உணர்ந்துகொள்வர் என்கிறார்கள். ‘புலி கொன்ற யானை ஓடுகிறது’ என்றால் யானைக்கு உயிர் இருக்கிறது; ‘புலி கொன்ற யானையைப் புதைத்தார்கள்’ என்றால் இல்லை. இன்றைய செய்தித் தலைப்புகளில் பின்னால் வரும் அந்தச் சொல்லைத்தான் இடமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், ‘வாகன நிறுத்தக் கட்டண உயர்வுக்கு உறுப்பினர் அனைவரும் ஒப்புதல் அளிக்கவில்லை’ என்று எழுதினேன். சிலர் ஒப்பவில்லை என்பதுதான் நான் கருதியது. இப்போது ஒருவர்கூட ஒப்பவில்லை என்று பொருள் கொண்டு, கட்டணம் செல்லாது என்கிறார்கள். தவறு யாருடையது?
– சங்கச் செயலாளர், மதுரை

பதில்: தொல்காப்பியரின் தீர்ப்புப்படி தவறு உங்களுடையது, ஆனாலும் நீங்கள் பெரிய கூட்டத்தில் ஒருவர். இதற்கும் இலக்கணம் இருக்கிறது. ‘அனைவரும்’ என்பதன் ஈற்றில் உள்ள ‘உம்’ முற்றும்மை, அதாவது ஒருவரையும் விடாமல் முழுவதையும் குறிப்பது. எதிர்மறை வினையோடு சேரும்போது அது சிலவேளை எச்சவும்மையாகி, மிச்சம் சிலர் உண்டு என்று காட்டிவிடும். ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்பது நன்னூல். ‘பத்தும் கொடாதே’ என்றால் ஒன்றும் கொடாதே என்றும் கொள்ளலாம், பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்றும் கொள்ளலாம். வாயால் சொல்லும்போது ‘அனைவரும்’ என்பதை அழுத்திச் சொல்லியே நாம் பொருளைக் காட்டிவிடுகிறோம். குறிப்பேட்டில் அந்தக் குரல் இல்லை.

ஒருவரும் இல்லையென்றால் ‘எவரும் ஒப்புதல் அளிக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதற்கு இன்னொரு பொருள் கிடையாது. நடவடிக்கைக் குறிப்பில் இதைவிட நல்ல வழி, எண்ணிக்கையை எழுதிவிடுவது: ‘வந்திருந்த 31 பேரில் 22 பேர் ஆதரித்தனர், 9 பேர் எதிர்த்தனர்.’ உங்கள் தொடரைக் கொண்டு யாரும் வழக்காடமாட்டார்கள் என்று நம்புகிறேன். காப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றில் ஒரு வாசகம் இருபொருள் பட்டால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் ஒரு நெறி. இந்திய நீதிமன்றங்களும் அதைக் கைக்கொண்டிருக்கின்றன. சங்கக் குறிப்பேடு காப்பீட்டுப் பத்திரம் அன்று. ஆயினும் அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்து பதிந்துவிடுங்கள்.

கேள்வி: ஒற்று மிகுதல் பற்றி இவ்வளவு கவலை தேவையா? விட்டால் என்ன குடி முழுகிவிடும்?
– மெய்ப்புத் திருத்துபவர், கோயம்புத்தூர்

பதில்: பத்து இடங்களில் ஒன்பதில் ஒன்றும் முழுகாது. பத்தாவது இடத்தில் ‘வேலை கொடுத்தான்’ என்பது பணி கொடுத்ததையும், ‘வேலைக் கொடுத்தான்’ என்பது கையில் இருந்த வேலாயுதத்தைக் கொடுத்ததையும் குறிக்கும். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது; ‘தந்தப் பலகை’ யானையின் கொம்பால் ஆனது. ஒற்றினால் தீராத மயக்கமும் உண்டு. ‘அவர் பாட்டில் பாவம் இருக்கிறது’ என்று இசை விமரிசனத்தில் எழுதினால், உணர்ச்சியா, தீவினையா, அல்லது பாட்டு அல்லாத வேறொரு ‘பாட்டில்’ பற்றிய பேச்சா என்று குறும்புக்கார வாசகர் கேட்பார். இங்கு உங்கள் சிவப்புப் பேனாவால் ஆவது ஒன்றுமில்லை. தொடரையே மாற்றும்படி எழுதியவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: தமிழில் எதையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடியாது, சட்டமும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் இருப்பதே பாதுகாப்பு என்கிறார் என் நண்பர். உண்மையா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் நண்பரிடம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 1967 ஜூன் போரில் இஸ்ரேல் சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள் ஆகியவற்றைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று நிறைவேறிய அத்தீர்மானம், அண்மைப் போரில் கைப்பற்றிய ‘பகுதிகளிலிருந்து’ இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் ‘பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ என்னும் சிறு சொல் இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்றது இஸ்ரேல் தரப்பு. பிரெஞ்சு வாசகத்தில் வரும் ‘தே’ என்ற சொல்லுக்கு ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்றே பொருள் கொள்ளலாம். எல்லாவற்றிலிருந்தும் விலகத்தான் வேண்டும் என்றது அரபுத் தரப்பு. பதினைந்து உறுப்பு நாடுகளும் அதற்கு வாக்களித்தன. அந்த ஒரு சொல்லைத் தெளிவாக எழுதியிருந்தால் அத்தனை கைகளும் உயர்ந்திருக்குமா என்பது ஐயமே. மயக்கம் அன்றைக்கு ஒரு வாக்கெடுப்பைப் பெற்றுத் தந்தது; சண்டையை ஒத்திப்போட்டது. அரைநூற்றாண்டு கடந்தும் அறிஞர்கள் அந்த இல்லாத சொல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் அந்தச் சொல்லே கிடையாது. ஆகவே நாம் ‘எல்லாப் பகுதிகளிலிருந்தும்’ என்றோ ‘சில பகுதிகளிலிருந்து’ என்றோ வலிந்து சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். மறுபுறம், ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரு தலைவர் பேசினால், எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டாரா விலக்கினாரா என்பது தெரியாது. தமிழில் அவர் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘இழப்பீட்டை நாம் ஏற்போம்’ என்பதற்கும் ‘நாங்கள் ஏற்போம்’ என்பதற்கும் இடையில் உங்கள் நண்பரின் பணப்பை இருக்கிறது.

கேள்வி: இரட்டை அர்த்த வசனங்கள் சிலேடைதானே?
– வாசகர், சேலம்

பதில்: அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று பிரிக்கிறது; சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தருவது முதல்வகை, பிரித்துக் கொள்வது இரண்டாவது. நீங்கள் சொல்லும் வசனங்களில் முதல் பொருள் தணிக்கைக் குழுவுக்கு மட்டும். பாம்பை மறந்துவிட்டு வாழைப்பழத்தை மட்டும் சுவைக்க முடிவதுபோல, அவற்றில் இரண்டில் ஒன்றைத் தனியாகச் சுவைக்க முடிவதில்லை.

கேள்வி: என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று வாரமாகப் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள். இதற்கு என்ன பொருள்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: ‘பார்க்கலாம்’ என்பது அனுமதியாகலாம், அழைப்பாகலாம், மறுப்பும் ஆகலாம். ‘மாட்டோம்’ என்று சொன்னால் இரு குடும்பமும் நாளை ஒரே கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார முடியாது. அதற்காகவே இந்தச் சொல்லைத் தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்திருக்கிறோம். இங்கும் சார்பைக் கொண்டுதான் தெளிய வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று நாள் சேர்ந்து வந்தால் வீட்டைப் பெருக்கி வையுங்கள். நாளில்லாமல் மூன்று வாரம் வந்திருந்தால், தரகரிடம் அடுத்த சாதகத்தைக் கேளுங்கள்.