ஃபெர்ரியும் ஐசோலேட்டரும்

வணக்கம் ஐயா,

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில், உலோகத்தில் எண் பொறிக்கும் லேசர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வீஸுக்கு வந்தவர், உலோகத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத் தடுக்கும் ஐசோலேட்டர் என்ற பாகத்தைக் காட்டி, "இதுல காந்தம் ஒளியத் திருப்புது" என்றார். மின்னூட்டமே இல்லாத ஒளியைக் காந்தம் எப்படித் திருப்பும்? திருப்பினாலும், திரும்பி வரும்போது பழையபடி ஆகிவிடாதா? பவரைக் கூட்டினால் இன்னும் அதிகம் திரும்புமா?

– ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள வாசகருக்கு,

காந்தம் பிடிப்பது ஒளியை அல்ல, நடுவில் இருக்கும் பொருளின் எலக்ட்ரான்களை. 1845இல் ஃபாரடே இதைக் கண்டது ஈயம் கலந்த கனத்த கண்ணாடியில். ஒரே தளத்தில் அதிரும் ஒளி என்பது வலஞ்சுழியாகச் சுழலும் ஒளி, இடஞ்சுழியாகச் சுழலும் ஒளி இரண்டும் சேர்ந்தது. காந்தப்புலத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி இசைந்து கொடுக்காது. ஒன்று சற்றே பிந்தும், அதிர்வுத் தளம் திரும்பிவிடும். திரும்புவது இந்தத் தளம்தான், ஒளி போகும் திசை அல்ல.

இரண்டாவது கேள்வியைத்தான் ரசித்தேன். சீனிப்பாகும் ஒளியைத் திருப்பும், ஆனால் அதே வழியில் திரும்பி வந்தால் கணக்கு நேராகிவிடும். சுக்கான் கோணி, எப்போதும் இடப்பக்கமே ஒதுங்கும் ஃபெர்ரி மாதிரி: பினாங்குத் தீவிலிருந்து கிழக்கே பட்டர்வொர்த் போகும்போது வடக்கே விலகும், வரும்போது தெற்கே. காந்தம் அப்படியில்லை, அது நீரோட்டம். வடக்கே இழுக்கிற ஓட்டம் போகும்போதும் வடக்கே தள்ளும், வரும்போதும் வடக்கேதான். போகையில் 45 பாகை, வருகையில் இன்னொரு 45, ஆக 90. நுழைவாயிலில் இருக்கும் போலரைசர், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி, அதை உள்ளே விடாது. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி லேசரைப் பதம் பார்க்காமல் இருப்பது இதனால்தான். இதற்கென்றே டெர்பியம் என்ற தனிமம் கலந்த ஒரு படிகம் உண்டு. 1064 நானோமீட்டர் லேசருக்கு, 1 டெஸ்லா புலத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம் போதும்.

சரி, பவர். கோணத்தைத் தீர்மானிப்பது புலமும் நீளமும் பொருளும்தான், சாதாரணமாக ஒளியின் அளவு இதில் வராது. ஆனால் கடும் ஒளியில் படிகம் சூடேறும். சூடேறினால் டெர்பியத்தின் திருப்பும் திறன் குறையும், அதாவது நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறு. போதாததற்கு, நடுவில் சூடும் ஓரத்தில் குளிர்ச்சியுமாக இருப்பதால் படிகத்துக்குள் இறுக்கம் உண்டாகி, ஒளியின் அதிர்வுத் தளம் கலைந்துபோகும். கொஞ்சம் ஒளி பின்னால் கசியும்.

தலைகீழாகவும் நடப்பதுண்டு: 1965இல் ரூபி லேசரின் சுழலும் ஒளியைப் பாய்ச்சி, காந்தமே வைக்காமல் ஒரு பொருளைக் காந்தமாக்கிக் காட்டினார்கள். உங்கள் இயந்திரத்தில் அந்த வேலை நடக்காது. ஐசோலேட்டரை நீங்களே பிரிக்க வேண்டாம், அதைக் குளிர்விக்கும் விசிறியில் தூசு அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.