பேட்டரி புதிது, விளக்கு பளிச்... செல்ஃப் மட்டும் சுற்றவில்லை! (டிராக்டர் கேள்வி-பதில்)

கேள்வி: ஐயா, எங்களுக்குப் புதுவயல் பக்கம் கண்மாய்ப் பாசன நிலம். மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியது முதல் தொல்லைதான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. கரைச் சரிவில் உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?

பதில்: பணத்தை மடியிலேயே வையுங்கள். விளக்கு எரிவதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். விளக்குக்குப் போதுகிற இணைப்பு மோட்டாருக்குப் போதாது.

பெயின்ட் அடித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகமெல்லாம் அங்கேதான். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் உடம்பில் முறுக்கப்பட்டிருக்கும் எர்த் போல்ட்டைப் பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு அடித்து, பெயின்ட் மேலேயே திரும்ப மாட்டியிருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் போதாதா?

ஊகத்தில் விட வேண்டாம், மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளலாம். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, என்ஜின் ஸ்டாப் குமிழையும் இழுத்து வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்ப்பில் அல்ல), சிவப்பு முனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் அழுத்துங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. இரண்டு, மூன்று என்று ஏறினால் திருடன் அகப்பட்டான்.

நெகட்டிவ் கிளாம்ப்பை முதலில் கழற்றுங்கள். எர்த் போல்ட்டின் இருபுறமும் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். நெகட்டிவ் கிளாம்ப்பைக் கடைசியில் மாட்டுங்கள்.

எர்த் சரியாக இருந்தால், பாசிட்டிவ் குமிழுக்கும் மோட்டாருக்குக் கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே அதே சோதனை. அடுத்து பேட்டரி: ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. கடையில் வெகுநாள் கிடந்த பேட்டரி, புதிது என்றாலும் சார்ஜ் குறைந்திருக்கும். இவை எல்லாம் தேறிய பிறகும் 'டக்' மட்டுமே என்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) காண்டாக்ட், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் இவற்றில் பழுது இருக்கலாம். அதற்கு மெக்கானிக்கிடம் போகலாம்.

கேள்வி: ரொட்டாவேட்டர் ஓட்டி நிறுத்தினேன். மறுபடி சாவி திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது. அப்படியே ஓட்டலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: கூடவே கூடாது. வண்டி கியரில் இருந்தால் சக்கரத்துக்கு இடையில் நிற்கும் உங்கள் மேலேயே ஏறிவிடும். பி.டி.ஓ. (ரொட்டாவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டு) லீவர் முழுதாக விடுபட்டிருக்கிறதா பாருங்கள்; பல மாடல்களில் அது போட்டிருந்தால் செல்ஃப் எடுக்காது. கிளட்ச்சை அடிவரை மிதித்துத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஃபியூஸ், கிளட்ச் பெடல் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச். எலி கடித்த வயரும் இருக்கலாம். சுவிட்ச் பழுதாகியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். வயரை முறுக்கி நேராக இணைத்துவிடாதீர்கள்.