காசு கொடுத்து வாங்கிய கேமையே நெட்டில் இறக்கினால் திருட்டா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு பிஎஸ்2 (சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 2) கேமின் ஒரிஜினல் டிஸ்க் இருக்கிறது. கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடுகிறது. அதே கேமை நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டால் அது திருட்டா என்று கேட்கிறார்.

திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். ஏன் என்று சொல்ல என் கேசட் கதைக்குப் போக வேண்டும்.

2001ல் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா லீவில் வந்தபோது கேம்பாய் கலர் என்ற கையடக்கக் கேம் கருவியும் போக்கிமான் கோல்டு கேசட்டும் வாங்கி வந்தார். கேசட்டே தங்க நிறத்தில் இருக்கும். அதில் ஒரே ஒரு சேவ்தான், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற ஒரே ஒரு பதிவுதான், வைக்க முடியும். அதனால் நானும் அக்காவும் ஒரே ஆட்டத்தை மாறி மாறி ஆடினோம். ஆட்டக்காரர் பெயருக்கு ஏழு எழுத்துதான் இடம், அதற்குள் எங்கள் இருவர் பெயரின் முன்பாதியையும் ஒட்டி வைத்தோம். பள்ளி விட்டு வந்தால் ஆளுக்கு அரை மணி நேரம்.

கேம்பாய் பழுதானது. 2009ல் கல்லூரியில் இருந்தபோது கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கருவியின் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதே கேமின் ரோம் ஃபைலை, அதாவது கேசட்டில் இருக்கும் கேமின் நகலை, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கினேன். மொத்தமே 2 எம்பி. உறுத்தலே இல்லை, கேமுக்கான காசைச் சித்தப்பா ஏற்கெனவே கொடுத்துவிட்டாரே. கேசட் அலமாரியில் கிடந்தது.

2021ல் கேசட்டைப் படிக்கும் ஒரு யுஎஸ்பி கருவி வாங்கினேன். கேசட்டைச் செருகி, உள்ளே இருந்த கேமை நானே எடுத்தேன். 2009ல் இறக்கிய ஃபைலோடு ஒப்பிட்டால் ஒரு பைட் கூட வித்தியாசம் இல்லை. அப்புறம் எங்கள் சேவ் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அந்தக் கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி சால்டர் செய்து வைத்திருப்பார்கள். சேவ் ஃபைலைக் காப்பாற்றுவதும், கேமுக்குள் ஓடும் கடிகாரத்தை ஓட்டுவதும் அதுதான். பேட்டரி தீர்ந்தால் சேவும் போய்விடும். 2009ல் எடுத்திருந்தால் கிடைத்திருக்கலாம். நான் இறக்கிய ஃபைலில் கேம் முழுசாக இருந்தது, எங்கள் ஆட்டம் மட்டும் இல்லை. அதனால்தான் இறக்குவதைவிட உங்கள் பிரதியிலிருந்து நீங்களே எடுப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சட்டமும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 52வது பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்போ சேதமோ வந்தால் காப்பாக இருக்க நகல் எடுக்கலாம் என்கிறது. சட்டப்படி தான் பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாமல், சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. 'தான் பெற்ற பிரதியிலிருந்து' என்பதைக் கவனியுங்கள். யாரோ எடுத்து நெட்டில் ஏற்றியது அதில் வராது. கேமில் நிரலோடு படமும் இசையும் இருப்பதால், அவற்றுக்கும் இது பொருந்துமா என்ற வாதத்துக்கு இடம் உண்டு என்பதும் சரிதான். ஆனால் 24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் தப்பில்லை என்று பழைய ரோம் தளங்களில் போட்டிருப்பார்களே, அதற்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரம் கிடையாது.

அந்தத் தளங்கள் அடுத்தவர் உழைப்பை வைத்து விளம்பரக் காசு பார்த்தவை. 2018ல் லவ்ரோம்ஸ் என்ற ரோம் தளத்தின் மீது, கேம்பாயைச் செய்த நின்டெண்டோ போட்ட வழக்கில் 1.2 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. டாரண்ட் இன்னும் மோசம். இறக்கிக்கொண்டிருக்கும்போதே, வந்த துண்டுகளை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருப்பீர்கள். உங்களிடம் டிஸ்க் இருக்கிறது, அவர்களிடம் இருக்கிறதா? அதனால் டாரண்ட் பக்கம் நான் போவதில்லை.

அப்புறம் 'சொந்தமாக இருக்கிறது' என்ற சொல். சென்னையில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலர் பர்மா பஜாரில் வாங்கிய சிடியை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார்கள். காசு கொடுத்தது உண்மை. ஆனால் கேம் செய்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை. ஒரிஜினலை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வதும், பிஎஸ்2 டிஸ்க் இருக்கிறது என்று அதே கேமின் புதுப்பதிப்பை இறக்குவதும் எனக்குச் சம்மதமில்லை.

கடையிலேயே கிடைக்காத கேம் என்றால் என் மனம் இளகும். போக்கிமான் கோல்டு 2017ல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கான ஆன்லைன் கடைக்கு வந்தது, 2023 மார்ச்சில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023ல் சொன்னது. காசை நீட்டினாலும் வாங்க ஆள் இல்லாதபோது, ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் டிஸ்க்குக்கு வருகிறேன். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் போட்டுப் பாருங்கள். பிஎஸ்2 டிஸ்க்கை அது படிக்கும், அதிலிருந்தே நகல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டிரைவில் நின்றுபோவது இன்னொன்றில் ஓடுவதும் உண்டு. எதிலுமே படிக்கவில்லை என்றால் டாரண்ட் இல்லாமல் நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள், சட்டத்தின் எழுத்துப்படி சரியில்லை என்று தெரிந்தே சொல்கிறேன். டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மெமரி கார்டில் இருக்கும் உங்கள் சேவ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அது நெட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது.