கண்ணாடி கழற்றிய கதை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மைனஸ் 5.5 பவர் கண்ணாடியை 22 வருஷம் மூக்கில் சுமந்துவிட்டு லேசர் செய்துகொண்டேன் என்று போன இதழில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், இந்த முறை பக்கம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் டாக்டர் இல்லை. மேஜையில் படுத்து எழுந்தவள், அவ்வளவுதான். மருந்து பெயர் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது.

22 வருஷம் போட்ட கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று திடீரென்று ஏன் தோன்றியது? அழகுக்காகவா?
(வாசகி, நாகர்கோவில்)

அழகுக்காக என்றாலும் தப்பில்லை. ஆனால் எனக்கு முடிவு வந்தது குற்றாலத்தில். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளிக்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். குளித்து வெளியே வந்தால் நனைந்த சேலையும் தலையில் துண்டுமாக நின்ற அத்தனை பேரும் எனக்கு ஒரே மாதிரி கலங்கலாகத் தெரிகிறார்கள், மதினி என்று நினைத்து ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதை பேசியபடி பத்தடி நடந்துவிட்டேன், அவளும் பாவம் யாரோ சொந்தக்காரி என்று நினைத்துக் கூடவே வந்துகொண்டிருந்தாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி, பிள்ளையைக் கையில் வைத்திருக்கும்போது கூட்டத்தில் கண்ணாடி விழுந்து நொறுங்கினால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

அப்புறமும் எட்டு மாதம் இழுத்தடித்தேன். பயம்தான்.

அக்கா, எனக்கு 19 வயது. போன வருஷம் பவர் மைனஸ் 3, இப்போது 3.75. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் லேசர் செய்துவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?
(கல்லூரி மாணவி, வேலூர்)

வேண்டாம் தங்கச்சி. 18 வயது முடிந்தால் செய்யலாம் என்பது குறைந்தபட்ச விதிதான். அதைவிட முக்கியம், பவர் ஒரு வருஷமாவது ஆடாமல் நிற்க வேண்டும். உனக்கு ஒரே வருஷத்தில் முக்கால் ஏறியிருக்கிறது. இன்றைக்கு 3.75-ஐ எடுத்துவிட்டால் கண் வளர்வதை நிறுத்திக்கொள்ளாது, இரண்டு வருஷத்தில் மறுபடி மைனஸ் ஒன்றோ ஒன்றரையோ வந்து நிற்கும், மறுபடி கண்ணாடிக் கடை வாசலில் நிற்பாய். அம்மாவிடம் கண் டாக்டரையே இதைச் சொல்லச் சொல், நாம் சொன்னால் எடுபடாது. அன்றைக்கு ஒருநாள் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் டாக்டர் அளவெடுத்துக் கொடுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போதும். வருகிற மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் அவரை யாராவது லேசர் செய்யச் சொன்னார்களா என்றும் விசாரித்து வை.

வலிக்குமா? கத்தி கண் அருகே வரும்போது கண்ணை அசைத்துவிட்டால் என்ன ஆகும்?
(இதே கேள்வியைக் கேட்ட பதினேழு பேருக்கும் சேர்த்து)

எனக்குச் செய்த முறையில் கத்தியே வராது, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சென்ட், பவுடர் எதுவும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள், அந்த வாசனைப் பொருள்களின் ஆவி லேசர் கருவிக்கு ஆகாதாம். நான் மதுரைக்காரி ஆகி வருஷமாயிற்றே, பழக்கதோஷத்தில் மல்லிகை வைத்துக்கொண்டு போய்விட்டேன், நர்ஸம்மா வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார். ஊசி கிடையாது. மரத்துப்போகும் சொட்டு மருந்து மட்டும் மூன்று நான்கு முறை. இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பிக் கவ்வியை மாட்டுவார்கள். எனக்கு அன்று முழுக்க அதுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்து ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து அழுத்தி உறிஞ்சிப் பிடிக்கும். அப்போது பார்வை முழுசாக இருண்டுவிடும், இருபது விநாடி இருக்கும். இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், சொல்லாமல் இருந்திருந்தால் அலறியிருப்பேன். அந்த இருட்டுக்குள்தான் முதல் லேசர் கார்னியாவில், அதாவது கருவிழிக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், மெல்லிய மூடி ஒன்றை வெட்டுகிறது, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி. பிறகு படுக்கையோடு இரண்டாவது கருவிக்குக் கீழே நகர்த்தினார்கள். டாக்டர் அந்த மூடியை நெளிவான சின்னக் கருவியால் தோசையைத் திருப்புவது போலத் திருப்பி வைத்தார். அதுவரை புள்ளியாக இருந்த பச்சை விளக்கு அந்த நொடியில் தண்ணீரில் கரைந்த சாயம் போலப் பரவிவிட்டது. 'அதையே பாரும்மா, வேற எங்கேயும் பாக்காதே' என்றார். டக்டக்டக் என்று சத்தம், கூடவே ஒரு வாசம். கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, அது. கண் கருகுகிறதோ என்று உள்ளங்கை வேர்த்தது. ஆனால் எதுவும் கருகவில்லை. லேசர் திசுவை ஆவியாக்கி எடுப்பதால் வருகிற வாசம் அது. என் பவருக்கு ஒரு கண்ணுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கண் லேசாக அசைந்தால் கருவி பின்தொடர்ந்து வரும், ரொம்ப விலகினால் தானாக நின்றுவிடும். அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

வலி என்று சொன்னால் வீட்டுக்கு வந்த பிறகுதான். மருந்தின் வீரியம் குறைந்ததும் நாலைந்து மணி நேரம் சின்ன வெங்காயம் உரித்த கையைக் கண்ணில் வைத்தது போல எரிந்தது, தாரை தாரையாகத் தண்ணீர், திரைச்சீலையின் இடுக்கில் வரும் வெளிச்சம்கூடக் குத்தியது. தூங்கி எழுந்ததும் முக்கால்வாசி போயிருந்தது. மறுநாள் காலையில் படுத்தபடியே முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது, ஃபேன் இறக்கையில் தொங்கிய ஒட்டடையை.

என் பவர் மைனஸ் 9. 'உங்களுக்கு லேசர் வேண்டாம், உள்ளே லென்ஸ் வைக்கலாம்' என்கிறார் டாக்டர். காசு பறிக்கவா?
(வங்கி ஊழியர், சேலம்)

உங்கள் கடிதத்தோடு பரிசோதனைத் தாளையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் கார்னியா தடிமன் 490 மைக்ரான் என்று இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் தாள் சுமார் 100 மைக்ரான், அப்படியென்றால் உங்கள் கார்னியா ஐந்து தாள் கனம்கூட இல்லை. லேசிக் (நான் செய்துகொண்ட, மூடி வெட்டும் முறை) என்றால் மூடிக்கு மட்டும் 110 போய்விடும். மிச்சம் 380. ஒரு பவர் எடுக்கத் தோராயமாக 14 மைக்ரான் என்று வைத்தால் 9 பவருக்கு 126. மீதி 254. கீழே குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, 300-க்குக் கீழே போகத் தயங்கும் டாக்டர்களும் உண்டு. விளிம்பில் நிற்கிறீர்கள். அளவுக்கு மீறிச் செதுக்கினால் கார்னியா பலமிழந்து முன்னால் பிதுங்க ஆரம்பிக்கும், அப்போது பார்வை கோணலாகிவிடும், கண்ணாடி போட்டும் சரியாகாது. வேண்டாம் என்று சொல்லி ஒரு லேசர் வாய்ப்பை விட்டவரைச் சந்தேகப்படாதீர்கள். உள்ளே வைக்கும் லென்ஸில் கார்னியாவைச் செதுக்கும் வேலையே இல்லை, வேண்டாம் என்றால் பின்னால் எடுத்துவிடவும் முடியும். ஆனால் அது கண்ணுக்குள்ளே போய்ச் செய்யும் ஆபரேஷன், செலவும் கூட. அதனால் இன்னொரு டாக்டரிடமும் அதே தாளைக் காட்டிக் கேளுங்கள்.

என் கணக்கையும் கேட்டிருந்தீர்கள்: 518-இல் 110 போக 408, அதில் சிலிண்டரும் (கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்கான பவர்) சேர்த்துச் சுமார் 85 போக 320-க்கு மேலே மிஞ்சியது. அதனால்தான் எனக்குச் சரி என்றார்கள்.

எந்த ஆஸ்பத்திரியில் செய்தீர்கள்? பெயர் சொல்லுங்கள்.
(பலர்)

சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிப்பட்ட இடத்தில் செய்யாமல் எழுந்து வந்தேன் என்று சொல்கிறேன். முதலில் போன இடத்தில் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. டாக்டருக்கு முன்னால் ஆலோசகர் என்று ஒரு பெண் உட்கார்ந்து 'இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா பத்தாயிரம் தள்ளுபடி' என்றார். கண்ணில் மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கவே இல்லை. இது ஏதோ சேலைக் கடைத் தள்ளுபடி மாதிரி இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார், நானும் எழுந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் போன் செய்தபோதே, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா என்று கேட்டார்கள். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் அதற்கும் கூடுதலாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வர வேண்டும், லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே அழுத்தி மாற்றியிருக்கும் என்றார்கள். போன பிறகு மூன்றரை மணி நேரம். கார்னியாவின் மேடு பள்ளத்தைக் கலர் வரைபடமாக எடுத்தார்கள். இமையோரம் காகிதத் துண்டைச் செருகிக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்தார்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, மூட்டுவாதம் உண்டா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று வக்கீல் மாதிரி கேள்வி. கடைசியில் பாப்பாவை விரித்துப் பார்த்தபோது என் இடது கண் விழித்திரையின் ஓரத்தில் மெலிந்த இடமும் அதில் ஒரு பொடி ஓட்டையும் இருந்தது தெரிந்தது. முதலில் அதைச் சுற்றி வேறொரு லேசரால் அணை கட்டிவிட்டு, சில வாரம் பொறுத்துத்தான் மற்றதைச் செய்தார்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முதல் இடத்திலேயே படுத்திருந்தால் அந்த ஓட்டை இருப்பதே தெரியாமல் இருந்திருப்பேன்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லேசர் முன்பக்கத்தைத்தான் திருத்துகிறது. கிட்டப்பார்வையில் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும், விழித்திரை கிழிகிற ஆபத்தும் அப்படியே இருக்கும். நான் இப்போதும் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிட்டு வருகிறேன்.

லேசிக், ஸ்மைல், பிஆர்கே... எது நல்லது?
(வாசகர், திருப்பூர்)

உங்கள் கார்னியாவுக்கு எது ஒத்துவருகிறதோ அது. லேசிக்கில் மூடி வெட்டுவார்கள், மறுநாளே பார்வை வரும். பிஆர்கேயில் மூடி கிடையாது, மேல்தோலை எடுத்துவிட்டுச் செதுக்குவார்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வலி, பார்வை தெளியவும் நாளாகும், ஆனால் கார்னியா மெலிந்தவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுக்காரர்களுக்கும் அது மேல். ஸ்மைலில் ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து சதைச் சில்லு ஒன்றை உருவி எடுப்பார்கள். பெயரைப் பார்த்து ஸ்மைல் வேண்டும் என்று கேட்டு வாங்காதீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டவர் என்று எங்கள் பள்ளியில் பேச்சு. உண்மையா?
(ஆசிரியர், பட்டுக்கோட்டை)

உண்மைதான், ஆனால் அவர் தனியாள் இல்லை. ரங்கசாமி சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் என்ற இருவரோடு வேலை பார்த்தார். 1981 நவம்பரில் நன்றி நவிலல் விருந்து முடிந்து மிஞ்சிய வான்கோழியை மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, 193 நானோமீட்டர் புற ஊதா எக்ஸைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகாமல் சுத்தமாக வெட்டுப்பட்டது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவரலாம் என்று கண் டாக்டர் ஸ்டீபன் டிரோக்கல் சேர்ந்துகொண்டு 1983-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஐபிஎம்காரர்கள் மூவருக்கும் 2013-இல் அதிபர் ஒபாமா தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கம் அணிவித்தார். நம் வீட்டில் மிஞ்சுகிற கோழிக் குழம்பு மறுநாள் தோசைக்குத்தான் போகிறது.

மகன் ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வு எழுதப் போகிறான். கண்ணாடி இருந்தால் எடுக்க மாட்டார்களாம். லேசர் செய்துவிட்டால்?
(தந்தை, விருதுநகர்)

ஐயா, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, லேசிக் செய்தவர்களை எடுக்க மாட்டோம் என்பதும் அவ்வளவு உண்மை. மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடித்தும் விடுவார்கள். காசையும் கொடுத்து வேலையையும் விட்ட கதையாகிவிடும். ராணுவம், போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, அந்தந்த அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்த பிறகே டாக்டரிடம் போங்கள்.

வயது 46. லேசர் செய்தால் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கலாமா?
(வாசகர், கோவில்பட்டி)

தூரப்பார்வை தெளியும், பேப்பருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கார்னியாவைச் செதுக்கினால் அது போகாது. சொல்லப்போனால் கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்களே, அந்த வசதியும் போய்விடும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா? எவ்வளவு ஆயிற்று?
(வாசகி, ஓசூர்)

பவர் 7.5-க்குக் கீழே இருந்தால் பாலிசியில் கிடைக்காது. எனக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 65,000 ரூபாய், பரிசோதனைகள் தனி. கட்டிய சீட்டு கைகொடுத்தது.

செய்ததற்கு வருத்தப்பட்டதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
(வாசகி, காரைக்குடி)

முதல் நான்கு மாதம் உண்டு. கார்னியாவில் நரம்புகளும் வெட்டுப்படுவதால் கண்ணீர் சுரப்பது குறையும், எனக்கு ஏசி அறையில் புரூஃப் திருத்தும்போது கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும், செயற்கைக் கண்ணீர் குப்பி இல்லாமல் நகர முடியாது. ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது, அதனால் ஆறு மாதம் இருட்டில் ஸ்கூட்டர் எடுக்கவில்லை. வறட்சி போய்விட்டது, வட்டம் இப்போதும் மழை ராத்திரியில் லேசாக உண்டு. சிலருக்கு இரண்டுமே போகாமல் நிற்பதும் உண்டு, கையெழுத்துப் போடும் தாளில் அது இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். முதல் வாரம் தலைக்குக் குளிக்காமல், மை போடாமல், கசக்காமல், ராத்திரி கண்மேல் பிளாஸ்டிக் கவசத்தோடு தூங்க வேண்டும். அதெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை, கசக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

எல்லாம் முடிந்தாயிற்று, பழைய ரிப்போர்ட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

ஐயோ, போடாதீர்கள். பின்னால் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை கார்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நம்முடையது செதுக்கிய கார்னியா என்பதால் வழக்கமான கணக்கு தப்பிப்போகும். ஆபரேஷனுக்கு முன் என்ன பவர், என்ன வளைவு, எவ்வளவு எடுத்தார்கள் என்ற தாள் இருந்தால் அன்றைக்கு வரப்போகும் டாக்டர் நிம்மதியாக வேலை பார்ப்பார். என் ஃபைல் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே சிவப்பு மையில் 'தூக்கிப் போடாதே' என்று எழுதி, மகளிடமும் காட்டி வைத்திருக்கிறேன்.