கோபாலகிருஷ்ண பாரதியாரைத் தேடி ஒரு வேன்

கேள்வி: பாட்டு வகுப்புத் தோழிகள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து, ‘நந்தனார் சரித்திரம்’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த, பாடிய இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஒரே நாளில் முடியுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக முடியும்மா. ஆனால் போகிற வழிதானே என்று சிதம்பரத்தில் இறங்கிவிடாதீர்கள். பன்னிரண்டு பேர் இறங்கினால் மறுபடி ஏற மதியமாகிவிடும், அதற்குள் திருப்புன்கூரில் நடை சாத்திவிடுவார்கள். விடியற்காலையில் கிளம்பி, வைத்தீஸ்வரன்கோயில் வழியாக நேரே திருப்புன்கூர். வெளியே நின்ற நந்தனார் சிவனைக் காண்பதற்காக ஒதுங்கிய நந்தியைப் பார்த்துக்கொண்டே ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ பாடுங்கள். அந்தப் பாட்டின் பூர்விகல்யாணி ராகம் அங்கே வேறு மாதிரி கேட்கும். சுருதிப்பெட்டி அவசியம், கைபேசிச் சுருதி கோயில் மண்டபத்தில் எடுபடாது.

அடுத்து, பாரதியார் நெடுங்காலம் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம். மியூசியத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஊரைப் பார்க்கப் போங்கள். சாப்பாடு மயிலாடுதுறையில். உ.வே.சா. இளம் வயதில் பாரதியாரிடம் பாட்டுக் கற்றது அங்கேதான். மாலையில் சிதம்பரம். சந்நிதிக்குள் நுழையுமுன் மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’. அவசரப்படுத்தாமல் பாடுங்கள், அது உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்கிற நந்தனாரின் பாட்டு.

நந்தனார் சரித்திரம் அச்சேற உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி என்று சொல்லி, அந்த ஊரையும் சேர்க்கச் சொல்வார் ஒருவர். வேண்டாம், அதற்குத் தனி நாள் வையுங்கள்.